காட்டைத் தின்ற உப்பு, கடல் தந்த கூரை

1652-ஆம் ஆண்டு டென்மார்க்கின் லேசோ தீவில் உப்புக் காய்ச்சத் தடை வந்தது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் அந்தத் தீவுக்குச் சோறு போட்ட தொழில் அது. உப்பு நீர் வற்றிவிடவில்லை, வாங்குவதற்கு ஆள் இல்லாமலும் போகவில்லை. அடுப்பில் வைக்க விறகுதான் இல்லை. தீவில் இருந்த காடு உப்பு அடுப்புகளில் எரிந்து தீர்ந்திருந்தது.

டென்மார்க்கின் ஜுட்லாந்து தீபகற்பத்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே காட்டேகாட் என்றொரு ஆழமில்லாத கடல் இருக்கிறது. அதிலுள்ள தீவுகளில் பெரியது லேசோ. பெரியது என்றாலும் பரப்பு சுமார் 118 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் 1,800 பேர் அளவில் இருப்பார்கள். டென்மார்க்கிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகராட்சி இது. வட ஜுட்லாந்தின் பிரடெரிக்ஸ்ஹாவ்ன் துறைமுகத்தில் கப்பலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் மேற்குக் கரையிலுள்ள வெஸ்டரோவில் இறங்கலாம். நடுவில் பியூரும், கிழக்கே ஓஸ்டர்பி. ஊர் என்று சொல்ல இந்த மூன்றுதான்.

இந்த நிலத்துக்கு வயது அதிகமில்லை. பனியுகத்தில் ஸ்காண்டிநேவியா முழுவதும் கனத்த பனிப்பாளத்தின் அடியில் அமுங்கிக் கிடந்தது. பனி உருகிப் பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல மேலெழத் தொடங்கியது. அப்படி எழுந்த கடலடி மணல்திட்டு சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீருக்கு மேலே தலைகாட்டித் தீவானது. நிலம் இன்னும் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், தென்கரையில் நிலம் அவ்வளவு தட்டையாக இருப்பதால், அந்தச் சில மில்லிமீட்டரே கடலைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பின்தள்ளிவிடுகிறது. பழைய வரைபடத்தில் கடலாக இருந்த இடத்தில் இன்று மாடு மேய்கிறது.

அந்தத் தென்கரைச் சமவெளிக்கு ரென்னர்ன என்று பெயர். மரம் கிடையாது, மேடு கிடையாது. உப்புப் புல்லும் ஆழமற்ற குட்டைகளும் கடல் வரைக்கும் விரிந்து கிடக்கும். எது கரை, எது கடல் என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்று அது பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதி. உள்ளே போக விரும்பும் பயணிகளை டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பார்வைக்கு ஒன்றுமில்லாத இந்த வெளிதான் தீவின் வரலாற்றைத் தீர்மானித்தது.

காட்டேகாட்டில் ஓதம் மிகக் குறைவு. கடல் தினமும் ஏறி இறங்குவதில்லை. குளிர்காலப் புயல் காற்று அடிக்கும்போதுதான் நீர் திரண்டு வந்து ரென்னர்னவை மூடும். காற்று ஓய்ந்தால் நீர் அங்கேயே தேங்கிவிடும். கோடையில் வெயிலும் காற்றும் அதை உலர்த்த, உப்பு மட்டும் மணலில் தங்கும். அடுத்து வரும் மழை அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மணலுக்குள் இறங்கும். இறங்கிய நீர் ஆழத்துக்குப் போய்விட முடியாதபடி கீழே களிமண் படுகை தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது திரும்பத் திரும்ப நடந்ததால், தரைக்குக் கீழே ஓரிரு மீட்டரிலேயே கடலைவிடப் பன்மடங்கு கரிக்கும் உவர்நீர் சேர்ந்தது. காட்டேகாட் கடலின் மேல்நீரில் உப்பு 2 முதல் 3 விழுக்காடு வரைதான். ரென்னர்னவின் உவர்நீரில் அது 10 விழுக்காட்டைத் தாண்டும்.

உப்புக் காய்ச்சுகிறவனுக்கு இந்த வித்தியாசம்தான் முதல். கடல்நீரை எடுத்துக் காய்ச்சினால் ஒரு கிலோ உப்புக்கு ஏறக்குறைய 40 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். ரென்னர்ன நீரென்றால் 10 லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும். விறகுச் செலவு நாலில் ஒரு பங்கு. பாத்தி கட்டி வெயிலில் காயவிட்டு உப்பு விளைவிக்கும் அளவுக்கு அங்கே வெயில் கிடையாது என்பதால், இயற்கை பாதி வேலையை முடித்துக் கொடுக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். மீதிப் பாதிக்கு நெருப்பு வேண்டும்.

12-ஆம் நூற்றாண்டில் இந்த வேலை தொடங்கியது. லேசோ அன்று ஜுட்லாந்தின் விபோர்க் பேராலயக் குருமார் சபைக்குச் சொந்தம். தீவு மக்கள் அந்தச் சபைக்கு வரியை உப்பாகவே கட்டினார்கள். மீனையும் இறைச்சியையும் வெண்ணெயையும் கெடாமல் வைக்க உப்பை விட்டால் வேறு வழி தெரியாத காலம் அது. இலையுதிர் காலத்தில் இன்றைய தென் ஸ்வீடனில் உள்ள ஸ்கேனியா கரையில் கூட்டங்கூட்டமாக வரும் ஹெர்ரிங் மீனைப் பிடித்து, பீப்பாயில் உப்புப் போட்டு அடைத்து, ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். அந்த வணிகத்துக்குப் பெருமளவு உப்பு ஜெர்மனியின் லூனபர்க்கிலிருந்து வந்தது. ஆனாலும் டென்மார்க்கின் சொந்த உப்புக்கு மதிப்பு குறையவில்லை.

ரென்னர்னவில் உப்புக் குடில்கள் இருந்த சுவடுகள் ஆயிரத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. கடல் பின்வாங்கப் பின்வாங்க, உவர்நீர் நன்றாகக் கிடைக்கும் இடமும் தள்ளிப்போனது. குடில்களும் அதைத் தொடர்ந்து நகர்ந்தன.

1990-களின் தொடக்கத்தில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத் தொல்லியல் அறிஞர் யென்ஸ் வெல்லெவ் இந்தச் சுவடுகளை அகழ்ந்து ஆராய்ந்தார். அகழ்ந்ததைக் கொண்டு ஒரு குடிலை அப்படியே திரும்பக் கட்டி, பழைய முறையில் உப்புக் காய்ச்சிப் பார்க்கும் சோதனையும் நடந்தது. அதனால்தான் ஐந்நூறு ஆண்டுத் தொழில் எப்படி நடந்திருக்கும் என்பதை இன்று கண்ணால் பார்க்க முடிகிறது.

குடிலுக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது ஆவிதான். தரையோடு தரையாகக் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய அடுப்பு, அதன்மேல் அகலமான இரும்புத் தட்டம். பக்கத்துக் கிணற்றிலிருந்து உவர்நீரை இறைத்துத் தட்டத்தில் ஊற்றி, அடியில் கட்டை கட்டையாக விறகைத் தள்ளுவார்கள். நீர் தளதளவென்று கொதித்தால் உப்பு பொடியாகிவிடும்; சூடு சீராக, மிதமாக இருக்க வேண்டும். நேரம் ஆக ஆக மேற்பரப்பில் மெல்லிய படலம் படியும். அதில் சின்னச் சின்னச் சதுரப் படிகங்கள் மிதக்கும், கனம் கூடியதும் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். அதை ஓரத்துக்கு இழுத்து அள்ளி, தட்டத்துக்கு மேலே தொங்கவிட்ட பிரம்புக் கூடைகளில் கொட்டுவார்கள். கூடையிலிருந்து சொட்டும் நீர் திரும்பத் தட்டத்திலேயே விழும். உப்புக்குக் கசப்பு தரும் மெக்னீசியம் அந்த நீரோடு வடிந்துபோவதால், கூடையில் தங்குவது தூய வெள்ளை உப்பு. இப்படி ஒரு தட்டத்துக்கு அடியில் நெருப்பு இரவும் பகலும் எரிந்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக எத்தனையோ குடில்களில் எரிந்தால் காடு என்ன ஆகும்?

டேனியர் 1620-இல் தரங்கம்பாடியில் தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபோது, அவர்களை அனுப்பிய நான்காம் கிறிஸ்தியான் மன்னரின் சொந்த நாட்டில் லேசோவின் காடு கடைசி மூச்சில் இருந்தது. உலகின் மறுகோடிக்குக் கப்பல் விடத் தெரிந்த அரசு, தன் கடலுக்குள் இருந்த ஒரு சிறு தீவின் மரங்களைக் காப்பாற்றப் பல தலைமுறை தாமதித்துவிட்டது. 1652-இல் வந்த தடையை முன்யோசனை என்று பாராட்ட இடமில்லை. காக்க வேண்டியது போன பிறகு வந்த தடை அது.

அதன்பின் வந்ததுதான் பெருந்துன்பம். லேசோவின் மேல்மண் முழுக்க மணல். அதைப் பிடித்து வைத்திருந்தது மர வேர். மரம் போனது, மிச்சமிருந்த புதரையும் தரைப்புல்லையும் அடுப்பெரிக்க மக்கள் வெட்டியெடுத்தார்கள். பிடிமானம் இழந்த மணல் காற்றோடு கிளம்பியது. வயல்களை மூடியது, கிணறுகளை மூடியது. தீவின் கிழக்குப் பகுதியில் இருந்த ஹால்ஸ் தேவாலயமும் மணலுக்கு அடியில் போனது. அறுவடை பொய்த்தது, மாட்டுக்குத் தீவனம் இல்லை, கூரைக்கு வைக்கோலும் இல்லை. வடக்கே இன்று நிற்கும் உயர்ந்த மணல்மேடுகள் அந்த நூற்றாண்டுகளின் சாட்சி. பைன் தோட்டங்கள் நட்டு மணலைக் கட்டுக்குள் கொண்டுவர 20-ஆம் நூற்றாண்டு வரை ஆனது.

நிலம் கைவிட்ட பிறகு ஆண்கள் கடலுக்குப் போனார்கள். மாலுமிகளாக மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வெளியே. வீடு, வயல், மாடு, கூலி, கணக்கு எல்லாம் பெண்களின் கையில் வந்தது. உழுதவர்களும் அறுத்தவர்களும் அவர்களே. லேசோவைப் பெண்களின் தீவு என்று டேனியர் இன்றும் சொல்வது இதனால்தான். கடலோடிய ஆண்கள் கொண்டுவந்த வெள்ளி, பெண்களின் திருநாள் உடையில் பதக்கங்களாகவும் சங்கிலிகளாகவும் ஏறியது. டென்மார்க்கின் மரபு உடைகளில் இவ்வளவு வெள்ளி கொண்டவை குறைவு. ஏழைத் தீவு என்று யாரும் தங்களை எண்ணிவிடக்கூடாது என்ற ரோஷம் அந்த உடையில் தெரிகிறது.

வீடு கட்ட மரத்துக்கு எங்கே போவது? அதைக் கடலே கொண்டுவந்து போட்டது. பால்டிக் கடலுக்கும் வடகடலுக்கும் இடையே போகிற கப்பல்கள் காட்டேகாட்டைக் கடந்தாக வேண்டும். லேசோவைச் சுற்றி மணல்திட்டுகளும் பாறைகளும் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்கடியில் நீண்டு கிடக்கின்றன. புயல் இரவில் வழி தவறிய கப்பல் அங்கே தட்டினால் தப்புவது அரிது. தீவு மக்கள் படகெடுத்துப் போய் மாலுமிகளைக் காப்பாற்றினார்கள், சரக்கை மீட்டார்கள், உடைந்த கப்பலின் மரத்தையும் விடவில்லை. பாய்மரம் விட்டமாகவும் பக்கப்பலகை கதவாகவும் மாறின. பழைய பண்ணை வீடுகளின் தூண்களில் கப்பலில் இருந்தபோது போட்ட ஆணித்துளைகளை இன்றும் விரல் விட்டுப் பார்க்கலாம்.

கூரைக்கும் கடலே வழி சொன்னது. காட்டேகாட்டின் ஆழமற்ற அடிநிலத்தில் கடற்புல் வயல் வயலாக வளரும். பாசி இனம் அல்ல, வேரும் பூவும் உள்ள செடி. இலை ரிப்பன்போல நீண்டு மெலிந்தது. இலையுதிர் காலப் புயலில் அறுந்து, கரையில் மலை மலையாக ஒதுங்கும். அதை வண்டியில் அள்ளி வந்து புல்வெளியில் பரப்பி, மழையில் நனையவிட்டு, திருப்பிப் போட்டு, நன்றாகக் காயவைத்துச் சேர்த்தார்கள். உப்பில் ஊறிய அந்த இலையை எளிதில் பூச்சி அரிக்காது, எலி தின்னாது, தீயும் சட்டென்று பற்றாது.

கூரை வேய்வது முழுக்கப் பெண்களின் வேலை. ஒரு வீட்டுக்குக் கூரை போட வேண்டுமென்றால் அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து நாற்பது ஐம்பது பெண்கள் ஒரே நாளில் கூடுவார்கள். சில சமயம் அதற்கும் மேல். கூலி கிடையாது. இன்று எனக்கு, நாளை உனக்கு. முதலில் கடற்புல்லைக் கைநிறைய எடுத்து இழுத்து முறுக்கி, ஆள் நீளத்தைத் தாண்டும் பருத்த திரிகளாக ஆக்குவார்கள். திரியின் மெலிந்த முனையை வரிச்சுக் கட்டையில் சுற்றி இறுக்க, பருத்த பகுதி இறவாரத்தில் வரிசையாகத் தொங்கும். கீழ் வரிசைகள் இப்படித் திரிகளால் உறுதியானதும், அதற்கு மேல் உதிரிப் புல்லைக் கட்டுக் கட்டாக ஏற்றி, பெண்கள் மேலே நின்று மிதித்து அமுக்குவார்கள். அமுக்க அமுக்க இன்னும் ஏற்றுவார்கள். முகட்டில் வேரோடு வெட்டிய புல்கட்டிகளை அடுக்கி முடிப்பார்கள். அன்று மாலை வீட்டுக்காரர் செலவில் விருந்து.

வேய்ந்து முடித்த கூரையின் கனம் ஒரு மீட்டர் வரை இருக்கும். எடை 35 டன்னுக்கும் மேல் போகும். வீடு சிறியது, கூரைதான் பெரியது. தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் போர் ஒன்றுக்குக் கதவும் ஜன்னலும் வைத்ததுபோல் இருக்கும். ஆண்டுகள் போகப் போகக் கடற்புல் தானே இறுகி ஒரே பாளமாகும், நிறம் வெள்ளிச் சாம்பலாக மாறும், மேலே பாசியும் பூச்செடிகளும் முளைக்கும். வைக்கோல் கூரையைச் சில பத்தாண்டுகளில் மாற்ற வேண்டும். லேசோவின் கடற்புல் கூரைகளில் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நின்றவை உண்டு. கடற்புல்லை மெத்தைக்கும் சுவர் இடுக்குக்கும் அடைக்கப் பயன்படுத்திய ஊர்கள் பல. இப்படித் திரித்து ஒரு தீவு முழுக்க வீட்டின் தலையில் வைத்த கலை லேசோவினுடையது. கட்டடக் கலை வரலாற்றில் இந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் பதிவாகவில்லை. ஒரு தேர்ந்த கட்டடக் கலைஞரின் வேலைக்கு அவர்கள் வேலை எந்த வகையிலும் குறைந்ததல்ல.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவில் சுமார் 250 கடற்புல் வீடுகள் இருந்தன. இன்று எஞ்சியவை 20 அளவில்தான். ஓடும் அஸ்பெஸ்டாஸும் மலிவாக வந்தது ஒரு காரணம். 1930-களில் வந்த கொள்ளை நோய் அதைவிடப் பெரிய காரணம். வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் கடற்புல் வயல்களை ஒரு நுண்ணுயிரி தாக்கி, பெரும்பகுதியை அழித்தது. கரையில் ஒதுங்கப் புல் இல்லை. புல் இல்லாததால் திரிக்கும் வேலையும் நின்றது. வேலை நின்றதால் அம்மாவிடமிருந்து மகளுக்குக் கைப்பழக்கம் போவதும் அறுந்தது.

அந்த அறுந்த நூலை எடுத்து முடிய இந்த நூற்றாண்டில் முயற்சி நடக்கிறது. கூரைகளைப் பராமரிக்கத் தீவில் கடற்புல் சேமிப்பு வங்கி ஒன்றை ஏற்படுத்தினார்கள். பழைய கூரைகளைப் பிரித்துப் பார்த்தே திரிக்கும் முறையை மறுபடி கற்றார்கள். 1865-இல் கட்டப்பட்ட காலினே வீட்டை ரியல்டேனியா அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்தது. அதே இடத்தில் 2013-இல் வாந்த்குன்ஸ்டன் கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்த புதிய வீடு ஒன்றும் எழுந்தது. அதில் கடற்புல்லைப் பின்னல் வலைப் பைகளில் அடைத்துக் கூரைக்கும் சுவருக்கும் பொருத்தியிருக்கிறார்கள். பியூரும் அருகே ஒரு பண்ணை வீடு அப்படியே அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே கூரையின் கீழ்ப்பகுதியைக் கைக்கு எட்டும் உயரத்தில் தொட்டுப் பார்க்கலாம்.

உப்பும் திரும்பி வந்திருக்கிறது. தொல்லியல் சோதனையாக ஆரம்பித்த குடில் இன்று விற்பனைக்கு உப்புக் காய்ச்சும் தொழிலகம். கோப்பன்ஹேகன் உணவகங்கள் வரை அந்த உப்பு போகிறது. வெஸ்டரோ துறைமுகத்தில் வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தை உப்புநீர்க் குளியல் நிலையமாக மாற்றியிருக்கிறார்கள். முன்பு தீவின் காட்டை எரித்த அடுப்பு இப்போது நட்டு வளர்த்த மரங்களின் விறகில் எரிகிறது. அளவும் சிறியது.

தன்னிடம் மிஞ்சியதை இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் இந்தத் தீவுக்கு எங்கிருந்து வந்தது என்பதை அதன் வரலாறு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லேசோவில் வட ஐரோப்பாவின் பழைய பழுப்புத் தேனீ இனம் இருக்கிறது. மற்ற இடங்களில் வேறு இனங்களோடு கலந்து அது அருகிவிட்டது. வேற்றினத் தேனீக்களைத் தீவில் வளர்க்கக்கூடாது என்று 1993-இல் டென்மார்க் அரசு ஆணையிட்டது. சரக்குகள் தடையின்றிப் போய்வர வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டத்துக்கு அது முரணானது என்று வழக்கு கிளம்பி, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1998 டிசம்பரில் நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. ஓர் உயிரினத்தின் உள்ளூர் வகையைக் காப்பதும் வணிகத்தைக் கட்டுப்படுத்தப் போதுமான காரணம்தான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் ஐரோப்பா முழுவதும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். 1652-இல் காட்டுக்குக் கிடைக்காத காவல், மூன்றரை நூற்றாண்டு கழித்துத் தேனீக்குக் கிடைத்தது.

கடற்புல்லுக்கு அப்படி ஓர் ஆணை போட்டுவிட முடியாது. நோய்க்குப் பிறகு டேனியக் கடலில் அது ஓரளவு மீண்டது. ஆனால் வயல் உரங்கள் ஆற்றோடு கடலில் சேர, நீர் கலங்கி, ஒளி அடிக்குப் போகாமல், பழைய பரப்புக்கு அது திரும்பவே இல்லை. இந்த நூற்றாண்டில் லேசோவின் கூரைகளைப் புதிதாக வேய வேண்டியபோது, அதற்கான கடற்புல்லைத் தென் டென்மார்க்கின் வேறு தீவுக் கரைகளிலிருந்து வாங்கிக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்தது.